கேன்டீன் சிம்

எங்கள் ஊரில் பட்டாளத்துக்குப் போனவர் ததேயுஸ் ஒருவர்தான். உள்ளே வயல் பக்கம் போனால் தெருவுக்கு நாலு பேர் மிலிட்டரி பென்ஷன் வாங்குவார்கள். கடற்கரையில் அப்படியில்லை. எங்கள் ஆட்களுக்குக் கடல், அதை விட்டால் கல்ஃப். ஆகவே ததேயுஸ் பென்ஷனோடு வந்து இறங்கியதும் மிலிட்டரி கேன்டீனில் மலிவு விலைக்குச் சாமான் வாங்குகிற அவருடைய கார்டு ஊர்ச் சொத்தாகிவிட்டது. ரம் யாருக்கு, சோப்பு யாருக்கு, இந்த மாதம் பிரஷர் குக்கர் யார் மகள் கல்யாணத்துக்கு என்றெல்லாம் ஊரே தீர்மானிக்கும். அவர் நாகர்கோவிலுக்குப் போய் வரிசையில் நின்று வாங்கி வருவார். "நம்ம வீட்டுக்கு ஒரு சோப்பாவது மிச்சம் வையும்" என்று அவர் மனைவி இசபெல் சொல்வாள். வைத்ததில்லை. இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர். எல்லோரும் அதை நல்ல குணம் என்றார்கள். எனக்கு அப்போதே அது ஒரு வியாதி என்றுதான் பட்டது.

அவர் சிக்னல் பிரிவில் ஹவில்தாராக இருந்தவர். பனிமலையில் உட்கார்ந்து ஓரிடத்துச் செய்தியை இன்னோரிடத்துக்குச் சொல்வதே பதினேழு வருஷம் அவர் பார்த்த வேலை. அவர் ஊர் திரும்பிய வருஷக் கடைசியில்தான் சுனாமி வந்தது. எத்தனை குடும்பங்கள் போயின என்று இங்கே சொல்ல வேண்டியதில்லை, கல்லறைத் தோட்டத்தில் எழுதி வைத்திருக்கிறது. ததேயுஸ் அன்றிலிருந்து ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒரே ஒரு போன். ஒருத்தன் முன்கூட்டி ஒரு போன் பண்ணியிருந்தா இத்தனை பேரும் மேட்டுல ஏறியிருப்பாவ." சாவு வீடு, கல்யாண வீடு, சலூன், எங்கே போனாலும் இதே பேச்சு. கேட்டுக் கேட்டு எங்களுக்கு அலுத்துவிட்டது.

அது நடந்து ஆறேழு வருஷம் கழித்து, கேன்டீன் வாசலில் ஒரு செல்போன் கம்பெனிக்காரர்கள் குடை விரித்து மேஜை போட்டு உட்கார்ந்தார்கள். முன்னாள் ராணுவத்தினருக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் மட்டும் ஒரு சலுகைத் திட்டம். அவர் பேரில் நான்கு சிம் கார்டு. நான்கு நம்பரும் தங்களுக்குள் எவ்வளவு பேசினாலும் காசு கிடையாது. மாத வாடகை ஒரு கூறு சாளை மீன் விலைகூட வராது. நான்கு பேரும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

ததேயுஸுக்கு இருந்தது ஒரே மகன், ஜெஃப்ரின். யோவான் என்பவரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு சின்ன ஃபைபர் வள்ளத்தில் கடலுக்குப் போகிறவன். ஒரு சிம் தனக்கு, ஒன்று ஜெஃப்ரினுக்கு. இசபெல்லைக் கேட்டபோது, "நான் உம்மகூடத்தானே கெடக்கேன், எனக்கு எதுக்கு" என்றாள். மிச்சம் இரண்டு. மிச்சம் என்று ஒன்று அவர் கையில் இருந்தால் அது ஊருக்கு என்றுதான் அர்த்தம். அதே தெருவில் வள்ளம் வைத்திருந்த ஆன்ட்ரூஸும் சகாயமும் அந்த இரண்டையும் வாங்கிக்கொண்டார்கள். கம்பெனியிடம் அவர்களையும் தன் பிள்ளைகள் என்றே ததேயுஸ் சொல்லி வைத்தார். ஊருக்கு இது பெரிய வேடிக்கை. நோவில்லாமல் இரண்டு பிள்ளை பெற்றவள் என்று இசபெல்லைப் பெண்கள் கிண்டல் செய்தார்கள். ஆன்ட்ரூஸ் போனை எடுத்தாலே "சொல்லும் அப்பா" என்பான், சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். ரம்மும் சோப்பும் வந்த வழியில்தானே இதுவும் வந்தது, அதனால் அதற்குக் கேன்டீன் சிம் என்று பேர் வந்துவிட்டது.

வேடிக்கையாகத் தொடங்கினாலும் அது நன்றாக வேலை செய்தது. இந்த மூன்று வள்ளங்களும் தூரம் போகிறவை அல்ல. கரையில் நின்றால் தென்னை உச்சி தெரிகிற தூரத்தில்தான் வலை விடுவார்கள், அங்கே சிக்னல் கிடைக்கும். போனைப் பாலிதீன் பையில் இரண்டு சுற்றுச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருப்பார்கள். ததேயுஸ் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில் நிற்பார். காற்று மாறினால் போன். வியாபாரிகள் லாரியோடு வந்து விலை ஏறினாலும் போன். விலை ஏறுகிற நேரத்தில் முதலில் கரை ஏறும் வள்ளத்துக்குத்தான் அந்த விலை. அடுத்தது வருவதற்குள் வியாபாரி முகத்தைச் சுளித்துக்கொண்டு குறைத்துக் கேட்பான். அதனால் ததேயுஸின் போன் வந்ததும் வலையைச் சுருட்டிக்கொண்டு வள்ளங்கள் கரைக்குப் பாயும். கடலில் இரண்டு வள்ளம் திடீரென்று வேகம் எடுத்தால், ததேயுஸ் ரேட் சொல்லிவிட்டார் என்று மற்றவர்களும் தெரிந்துகொள்வார்கள்.

இதில் அவர் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் ஆன்ட்ரூஸைக் கூப்பிடுவார். அடுத்து சகாயம். ஜெஃப்ரினை எப்போதும் கடைசியில்தான். விருந்து வைத்தவன் கடைசியில் சாப்பிடுவது மாதிரி. சொந்த மகனுக்கு முதலில் சொன்னான் என்று ஒரு சொல் வந்துவிடக் கூடாது அவருக்கு. பெற்ற பிள்ளையின் பங்கில் கைவைத்து நல்ல பேர் வாங்குகிற தகப்பன்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களை யாரும் குறை சொல்வதில்லை, அதுதான் எனக்கு எரிச்சல்.

ஜெஃப்ரின் பொறுத்துத்தான் பார்த்தான். கல்யாணமாகி ஜின்சி வந்த பிறகு பொறுமை குறைந்தது. தனி வீடு, அவள் வயிற்றில் பிள்ளை, எஞ்சினுக்கு வாங்கிய கடன். ஐப்பசியில் ஒரு நாள் நல்ல நெய்மீன் பாடு, எல்லா வலையும் நிறைந்திருந்தது. ஆன்ட்ரூஸும் சகாயமும் விற்று முடித்துப் பீடி பற்றவைத்த பிறகுதான் ஜெஃப்ரினின் வள்ளம் கரை தொட்டது. வியாபாரி பாதி விலைக்குக் கேட்டான். ஜெஃப்ரின் மீனை அப்படியே மணலில் போட்டுவிட்டு ததேயுஸுக்கு நேரே வந்து நின்றான்.

"நீரு எனக்கு அப்பனா, இவனுவளுக்கு அப்பனா?"

"மெதுவாப் பேசுல, ஆள்காரு நிக்காவ" என்றார் ததேயுஸ்.

"நிக்கட்டு. எல்லாரும் கேக்கட்டு. நீரு எனக்கு என்னைக்காவது முதல்ல போன் பண்ணியிருக்கீரா?"

"எனக்கு மூணு பேரும் ஒண்ணுதாம்ல."

"அப்பம் அதுல ஒருத்தன் கொறஞ்சா ஒமக்கு என்ன?"

ததேயுஸுக்கு வாய் அடைத்திருக்க வேண்டும். அடைக்கவில்லை. "ஆன்ட்ரூஸைப் பாத்துப் படி. அவன் ஒரு நாள் என்ன எதுத்துப் பேசியிருக்கானா?" என்றார். அத்தனை பேர் முன்னால். ஆன்ட்ரூஸே தலை குனிந்துகொண்டான். ஜெஃப்ரின் வள்ளத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு தகப்பனும் மகனும் பேசவில்லை. போன் மட்டும் இருந்தது. ததேயுஸ் கூப்பிடுவார், ஜெஃப்ரின் எடுப்பான், ஒரு வார்த்தை பேச மாட்டான். அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவான். "எடுத்துக் கேக்கானே, அது போதும்" என்று ததேயுஸ் இசபெல்லிடம் சொல்வாராம்.

கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா தொடங்குகிற வாரம் கம்பெனியிலிருந்து சரிபார்ப்புக்காகப் போன் வந்தது. சலுகையைக் கண்டவர்களும் அனுபவிக்கிறார்கள் என்று அவர்களுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டு, உங்கள் அப்பா யார், அம்மா யார் என்று கேட்டார்கள். ததேயுஸ் இதை எதிர்பார்த்து ஆன்ட்ரூஸையும் சகாயத்தையும் பழக்கி வைத்திருந்தார். "அப்பா பேரு ததேயுஸ், அம்மை பேரு இசபெல், அப்பா மிலிட்டரியில ஹவில்தாராட்டு இருந்தாரு." கோவிலில் பிள்ளைகள் ஞானோபதேசம் ஒப்பிப்பது போல இருவரும் ஒப்பித்தார்கள். சொந்த மகனை யாராவது பழக்குவார்களா?

ஜெஃப்ரினுக்குப் போன் வந்தபோது அவன் சோற்றில் கை வைத்திருந்தான். ஜின்சி மீன்குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டான்.

"சார், உங்க அப்பா பேரு ததேயுஸ்தானே?" என்று கேட்டாள் கம்பெனிப் பெண்.

"எனக்கு அப்பன் இல்ல."

"சார், இது குடும்பத்துக்கான திட்டம். அவரோட மகன்னுதான் உங்களுக்குச் சிம் குடுத்திருக்கோம்."

"அந்த ஆளுக்கும் எனக்கும் ஒரு பந்தமும் இல்ல. அவருக்கு வேற ரெண்டு மக்க இருக்கு. அவனுவகிட்ட கேளுங்க."

வைத்துவிட்டான். "என்ன சொல்லிட்டு இருக்கியோ?" என்று ஜின்சி பதறினாள். "உள்ளதத்தான் சொன்னேன்" என்று அவன் சோற்றைப் பிசைந்தான். கோபத்தில் சொன்னதுதான். கோபத்தில் நாம் எல்லோரும் என்னென்னவோ சொல்கிறோம், கேட்டவர்கள் மறந்துவிடுகிறார்கள். கம்பெனி மறக்கவில்லை.

நாலைந்து நாளில் அந்த நம்பர் செத்தது. அதற்கு முன்னால் இங்கிலீஷில் ஒரு மெசேஜ் வந்திருந்தது, அவன் படிக்கவில்லை. திருவிழா நாட்களாதலால் வள்ளங்கள் கரையில் கிடந்தன. ததேயுஸ் யாரையும் கூப்பிடவில்லை, அவருக்கு எதுவும் தெரியவில்லை. "மாமாகிட்ட நான் போய்ச் சொல்லட்டா?" என்று ஜின்சி கேட்டாள். "அவருட்ட போய் நின்னேன்னா நீ ஒனக்க அம்மை வீட்டுக்குப் போயிரு" என்றான் ஜெஃப்ரின். ஜின்சி குளச்சலுக்குப் பஸ் ஏறிப்போய் ஒரு சாதாரண சிம்முக்குப் பணமும் போட்டோவும் கொடுத்துவிட்டு வந்தாள். இரண்டு மூன்று நாளில் உயிர் வரும் என்று கடைக்காரன் சொன்னான்.

திருவிழா முடிந்த மறுநாள். ஊரில் பாதிப்பேர் கோட்டாறிலிருந்து வந்த அலுப்பில் படுத்துக் கிடந்தார்கள். கொஞ்சம் வள்ளங்கள்தான் போகும், அதனால் விலை நன்றாக இருக்கும் என்று கணக்குப் போட்டு ஆன்ட்ரூஸும் சகாயமும் விடியலில் புறப்பட்டார்கள். ஜெஃப்ரினும் யோவானும் அவர்களுக்குக் கொஞ்சம் மேற்கே போய் வலை விட்டார்கள். வானம் மூடித்தான் இருந்தது. அந்த மாதத்தில் அது எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

காலை உணவு நேரத்தில் ரேடியோவில் அறிவிப்பு வந்தது. யாரும் கடலுக்குப் போக வேண்டாம், போனவர்கள் உடனே திரும்ப வேண்டும், பலத்த காற்று வருகிறது. ததேயுஸ் புட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கடற்கரைக்கு ஓடினார். இத்தனை வருஷமாக எந்த ஒரு போனைப் பற்றிப் புலம்பினாரோ, அந்தப் போனைச் செய்யும் நாள் அவருக்கு வந்துவிட்டது.

அன்றைக்கும் அவர் முறையை மாற்றவில்லை. முதலில் ஆன்ட்ரூஸ். "எல்லாத்தையும் போட்டுட்டு வா மக்கா, பெரிய காத்து வருது." அடுத்து சகாயம். மூன்றாவதாக மகன் நம்பரை அழுத்தினார். நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண்குரல் சொன்னது. திரும்ப அழுத்தினார். அதே குரல். எத்தனை முறை அழுத்தினாரோ தெரியாது.

ஜின்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் ஓடிவந்தாள். "மாமா, அந்த நம்பரு போவாது. கட்டாயிட்டு. நாலு நாளாச்சு. புது சிம்முக்கு இன்னும் உயிர் வரல்ல, யோவான் அண்ணன்கிட்ட போனும் கெடையாது."

"ஏன்? ஏன் கட்டாச்சு?"

"தெரியாது மாமா" என்றாள் ஜின்சி. அந்த நேரத்தில் அவளால் வேறு என்ன சொல்ல முடியும்?

ததேயுஸ் மறுபடி ஆன்ட்ரூஸைக் கூப்பிட்டார். "ஜெஃப்ரின் கண்ணுக்குத் தெரியானா?"

"மேக்க ஒரு வள்ளம் கெடக்கு அப்பா. தூரம். விசிலடிச்சா கேக்காது. நான் திரும்பிப் போயிக் கூட்டிட்டு வரட்டா?"

ததேயுஸுக்குப் பக்கத்தில் ஆன்ட்ரூஸின் தாய் நின்றுகொண்டிருந்தாள். முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். கடலின் தென்கிழக்கு மூலை அதற்குள் மைக்கறுப்பாகிவிட்டது. போ என்று ஒரு சொல் சொன்னால் ஆன்ட்ரூஸ் போயிருப்பான். அவன் போகிறவன்தான்.

"வேண்டாம் மக்கா" என்றார் ததேயுஸ். "நீ கரைக்கு வா."

இரண்டு வள்ளங்களும் கரை ஏறி, ஆட்கள் அவற்றை இழுத்து மேலே போடுவதற்குள் காற்று வந்துவிட்டது. பள்ளிக்கூடத்து ஓடுகள் பறந்தன. ததேயுஸ் இருட்டும் வரை நனைந்துகொண்டே நின்றார். அவர் கையிலிருந்த போனை இசபெல்தான் பிடுங்கிக்கொண்டு போனாள்.

காற்று ஓய்ந்த காலையில் ஆன்ட்ரூஸும் சகாயமும் தேடப் போனார்கள். மத்தியானத்துக்கு முன்னால் ஆன்ட்ரூஸ் யோவானைக் கொண்டுவந்தான். மண்ணெண்ணெய்க் கேன் ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி மிதந்திருக்கிறார். தோலெல்லாம் உப்பு வெந்து உரிந்திருந்தது. ஜெஃப்ரினைக் காணவில்லை. கடலோரக் காவல்படைக் கப்பலும் வந்து தேடிவிட்டுப் போனது. உடல் கிடைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துத்தான் யோவானால் பேச முடிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி ததேயுஸும் இசபெல்லும் ஜின்சியும் நின்றார்கள். மறைத்துப் பேச அந்த மனிதருக்கு அப்போது தெம்பில்லை.

"அவனுவ ரெண்டு பேரும் வலையச் சுருட்டிட்டு ஓடுகதப் பாத்தோம்" என்றார் யோவான். "நாமளும் போவோம்ல, வானம் சரியில்லன்னு நான் சொன்னேன். ஜெஃப்ரின் போன் பையைக் கையில எடுத்துப் பாத்தான், பெறவு கீழ வச்சான். ‘எங்க அப்பன் ரேட் சொல்லியாச்சு அண்ணே. நாம ஓடிப்போனாலும் மிச்சந்தான் கெடைக்கும். வலை நெறையட்டு, மெதுவாப் போவோம்’னு சொன்னான். நானும் சரிதான்னு இருந்துட்டேன்."

இசபெல் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ததேயுஸ் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில், "அவனுக்கு முதல்ல கூப்பிட்டிருந்தாலும் கெடச்சிருக்காது, இல்லியா? நம்பருதான் கட்டாயிட்டே?" என்று யோவானிடம் கேட்டார். யோவான் கண்ணை மூடிக்கொண்டார். ததேயுஸ் அதன் பிறகு பார்க்கிறவர்களிடமெல்லாம் இதையே கேட்டார். கட்டான நம்பருக்கு யார் கூப்பிட்டாலும் ஒன்றுதானே என்று. ஆமாம் என்று சொன்னால் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார்.

வெறும் பெட்டியில் அவன் சட்டையையும் ஜெபமாலையையும் வைத்து அடக்கம் செய்தார்கள். கிறிஸ்துமஸ் அந்த வீட்டைத் தாண்டிப் போயிற்று. ஜின்சியை இசபெல் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஆன்ட்ரூஸ் கடலிலிருந்து வந்ததும் நல்ல மீனாகப் பார்த்து எடுத்துக்கொண்டு அங்கே போவான், வாசலில் உட்கார்ந்திருப்பான். அப்பா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டான். எதையும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

தை மாதத்தில் ஒரு நாள் காலை ததேயுஸின் போன் அடித்தது. ஜின்சி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஆன்ட்ரூஸ் வாசலில் இருந்தான். ததேயுஸ் இப்போதெல்லாம் காதில் வைத்துக் கேட்பதில்லை, ஸ்பீக்கரில்தான் போடுவார்.

"வணக்கம் சார். உங்க குடும்பத் திட்டத்துல ஒரு நம்பர் காலியா இருக்கு. வேற யாராவது குடும்பத்துல இருக்காங்களா, சேர்த்துக்கலாமே."

"அந்த நம்பர ஏன் கட் பண்ணினிய?" என்று கேட்டார் ததேயுஸ்.

"ஒரு நிமிஷம் சார்." கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. ஜின்சியின் கையில் முறம் நின்றது. அவள் எழுந்து போனைப் பிடுங்கியிருக்கலாம். எழவில்லை.

"சார், அந்த நம்பரை வச்சிருந்தவரே நீங்க அவரோட அப்பா இல்லைன்னு சொல்லியிருக்கார். அதனாலதான் ரத்தாயிருக்கு. மத்த ரெண்டு மகன்களும் சரியாச் சொல்லிட்டாங்க."

ததேயுஸ் மருமகளைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததுமே அது உண்மை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை நாளும் பிடித்துக்கொண்டிருந்த கட்டான நம்பர் என்ற ஆறுதல் அந்த இடத்திலேயே போய்விட்டது.

"பிள்ள" என்றார் போனில். குரல் தெளிவாகத்தான் இருந்தது. "நீ மாத்தி எழுதணும். மத்த ரெண்டு பேரும் எனக்கு மக்க இல்ல. நான் பொய் சொன்னேன். அவன்தான் எனக்க மகன். எனக்கு ஒரே ஒரு மகன்தான். ஜெஃப்ரின்."

வாசலில் இருந்த ஆன்ட்ரூஸ் திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்படின்னா அந்த ரெண்டு நம்பரையும் ரத்து செய்யணும் சார்."

"செய்யி."

"ஜெஃப்ரின்ங்கிறவரை மகன்னு திருத்திட்டேன் சார். அவர் நேர்ல வந்து கையெழுத்துப் போட்டா அதே நம்பர் திரும்பக் கிடைக்கும். எப்போ வருவார்?"

ததேயுஸ் பதினேழு வருஷம் செய்தி சொல்லியே சம்பளம் வாங்கிய மனிதர். அந்தப் பெண் இரண்டு முறை ஹலோ ஹலோ என்றாள். ஆன்ட்ரூஸ் எழுந்து உள்ளே வந்து அவர் கையிலிருந்து போனை வாங்கினான்.

"நான் ஆன்ட்ரூஸ் பேசுதேன்" என்றான். "மகன் இல்ல, பக்கத்து வீட்டுக்காரன். அவருக்க மகன் கடல்ல செத்துப்போனான்."